ஒருமனப்பட்ட இரண்டு பேர்

ஜூலை 9, செவ்வாய்

பெர்சிஸ், இன்று உன் அப்பன் நான் உனக்குச் சாப்பாட்டு ஜெபம் செய்தேன்.

நிஜமாகத்தான். போன வியாழக்கிழமை பாதம் மதமதவென்று இருக்கிறது என்றாய். புதுச் செருப்பு என்றேன். சனிக்கிழமை மாடி ஏற முடியவில்லை என்றாய், பி.எட். பரீட்சை பயம் என்றேன். ஞாயிறு உன்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். இன்று காலை மூச்சு வாங்கத் தொடங்கியதும் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் எங்களை உள்ளே விட்டார்கள். நம் சபைப் போதகர் ஐயர், சபைக் கமிட்டி தர்மசீலன் அண்ணாச்சி, உன் அம்மா, நான். ஐயர் நன்றாக ஜெபித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "தகப்பனாரும் ஒரு வார்த்தை" என்று என் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் சுவிசேஷக் கன்வென்ஷன் பந்தல்களில் மைக் செட் போட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். எந்த ஊழியர் எக்கோ கேட்பார், எந்த ஊழியர் அழும்போது மைக்கை விழுங்குவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் மைக்கில் நானாகப் பேசியது "ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். கண்ணை மூடினேன். வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"அன்பின் ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும். இல்லாத ஏழை எளியவர்களுக்கும் கொடும்."

"ஆமென்!" என்றார் அண்ணாச்சி. அவர் கரண்ட் போனாலும் ஆமென் சொல்கிறவர்.

உன் அம்மா எமிலி என்னைப் பார்த்த பார்வையில் ஃபியூஸ் போயிருக்க வேண்டும். ஆனால் நீ சிரித்தாய். இடது பக்க உதடு அசையவில்லை. வலது பக்கம் மட்டும் ஏறியது.

"எப்பா, கொழம்பு எங்க?" என்றாய்.

பிறகு குழாய் போட்டுவிட்டார்கள்.

வெளியே நின்ற என்னிடம் வார்டு நர்ஸ் மும்தாஜ் சிஸ்டர் சொன்னார்: "இங்க படுத்து எந்திரிக்கவங்களுக்கு நடுவுல நடந்தது பாதி ஞாபகம் இருக்காது. ஒரு நோட்டுல எழுதி வைங்கப்பா. எந்திரிச்சதும் கேப்பா."

எந்திரிச்சதும் என்றார். அந்த வார்த்தைக்காகவே நோட்டு வாங்கினேன்.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் கூப்பிட்டு விளக்கினார். உன் உடம்பே உன் நரம்பைத் தின்கிறதாம். நரம்பின் மேல் ஓர் உறை உண்டு, அது அரித்துப்போய்விட்டது, மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேரவில்லை என்றார்.

"ஒயர் மேல உள்ள ரப்பர் போயிட்டு, அப்படித்தானே சார்?"

"ஆமா, அதேதான்."

"உள்ள கம்பி நல்லாருக்கா?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது போகப் போகத்தான் தெரியும். உறை மட்டும்னா திரும்ப வளரும்."

எலி கடித்த ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுகிறவன் நான். உன்னை எங்கே சுற்றுவது?

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஊரே வந்தது. உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அந்த இரண்டில் ஒருவர் எப்போதும் தர்மசீலன் அண்ணாச்சி. மெதுவாக ஜெபித்தால் பரலோகத்தில் கேட்காது என்பது அவர் கணக்கு. உன் பக்கத்துக் கட்டில் தாத்தா, நினைவில்லாமல் கிடந்தவர், இவர் "எழுந்திரு!" என்றதும் காலை உதறினார். அவர் வீட்டுக்காரர்கள் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ அசையவில்லை.

வெளியே வந்து என் தோளில் தட்டினார். "வே, தேவபிச்சை! ரெண்டு பேர் ஒருமனப்பட்டு என்ன கேட்டாலும் கெடைக்கும்னு வசனம் இருக்கு. பிதாவே கையெழுத்துப் போட்ட செக்கு. ரெண்டே பேர் போதும். நீரும் நானும் கேட்டாச்சு. இனி அவரு குடுத்துத்தான் ஆகணும்."

"அவரு குடுக்கலன்னா அண்ணாச்சி?"

"அப்ப ரெண்டுல ஒருத்தனுக்கு மனசு ஒட்டலன்னு அர்த்தம்."

அந்த ஒருத்தன் யார் என்று அவர் சொல்லவில்லை. பார்த்த பார்வையில் தெரிந்தது.

ஜூலை 18, வியாழன்

முகமும் போய்விட்டது. இப்போது உன்னிடம் மிச்சம் இருப்பது கண் மட்டும். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்.

காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத்துகளை வரிசையாக எழுதினேன். நான் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசிக்க வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் நீ மேலே பார்க்க வேண்டும். இங்கிலீஷ்காரன் இருபத்தாறோடு கடையைச் சாத்திவிட்டான். நம் ஆட்கள் கொம்பு, கால், சுழி, புள்ளி என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். கண்ணால் பேசப்போகிற ஒருத்தியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நடுவில் நான் வரிசை தவறி விட, நீ கண்ணை மூடி மூடித் திறந்தாய். திட்டுகிறாய் என்று புரிந்தது.

முழு விசிட்டிங் நேரமும் போனது. கடைசியில் உன் முதல் செய்தி கிடைத்தது.

"அண்ணாச்சி வால்யூம் கொற."

பெர்சிஸ் சவுண்ட் சர்வீஸ் ஓனருக்கு இப்படி ஒரு உத்தரவு. வெளியே போய்ச் சிரித்தேன். எமிலி நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

உன் மெர்சி சித்தி தன் சபைப் பாஸ்டரைக் கூட்டி வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ, வெள்ளைக் கார். கையில் அபிஷேக எண்ணெய் பாட்டில். மும்தாஜ் சிஸ்டர் கதவிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இன்ஃபெக்ஷன் ஆகும் சார்."

"இது ஜெபிச்ச எண்ணெய் சிஸ்டர்."

"கையையும் கழுவிட்டு வாங்க. சோப்பு நாங்க ஜெபிக்காமத்தான் வச்சிருக்கோம்."

எண்ணெய் இல்லாத ஜெபம் சுருக்கமாக முடிந்தது. அந்தக் குறையை வராண்டாவில் தீர்த்துக்கொண்டார். வீட்டில் ஏதாவது சாபம் உண்டா, முன்னோர் யாராவது ஊர்ச் சாமிக்குக் கொடை கழித்தார்களா என்று விசாரித்தார். ஒன்றும் சிக்கவில்லை. "அப்ப இது விசுவாசக் குறைவு. மருந்த நம்புத வீட்டுல அற்புதம் நடக்காது" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். எனக்கு அது பழக்கம். ஊழியக்காரர் எதிரில் என் தலை தானாகக் குனியும். எத்தனை பேருக்கு ஒயர் ஒட்டியிருக்கிறேன், குனிந்தபடியேதானே.

எமிலி குனியவில்லை.

"பாஸ்டர், ஒங்களுக்கு சுகர் உண்டுல்லா? சாப்பாட்டுக்கு முந்தி ஊசி போடுதியன்னு மெர்சி சொன்னா."

"அது... ஒரு ஒழுங்குக்காக..."

"எம் மவளுக்கும் ஒரு ஒழுங்குக்காகத்தான் ட்ரிப் ஏத்துதாவ. சாப்புட்டுட்டுப் போங்க. ஊசி போட்டாச்சா?"

மெர்சி இப்போது எங்களோடு பேசுவதில்லை. வார்டில் அமைதி. அவளுக்காகவும் ஸ்தோத்திரம்.

ஜூலை 24, புதன்

பாட்டிலைத் திருப்பித் தந்தார்கள். எமிலி அதில் கத்தரிக்காய் வதக்கினாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீயும்தான் கேட்டாய், மறைக்க முடியாது.

உனக்காக வாட்ஸ்அப்பில் ஜெபச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் போகிறது. தூத்துக்குடிக்குப் போன செய்தி துபாய்க்குப் போய், துபாயிலிருந்து சாத்தான்குளம் வந்து, நம் கிருபாபுரத்துக்குத் திரும்புகிற நேரம் நீ கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தாய். கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லையாம். அவ்வளவு இளகிய மனசு.

நான் உன் பக்கத்தில் நின்று அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வார்டுக்குள் போன் கூடாது; அணைக்க மறந்திருந்தேன். அவசரத்தில் எடுத்துவிட்டேன். பாக்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதிக் காது போனவன், என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். தர்மசீலன் அண்ணாச்சி.

"ஹலோ, சவுண்ட் சர்வீஸா? ஊருல ஒரு துக்கம் வே. நாற்காலி, சாமியானா, ரெண்டு பாக்ஸ், ஒரு மைக். எக்கோ வேண்டாம், துக்க வீடு. நம்ம தேவபிச்சை மவ இருக்குல்லா, பெர்சிஸ்..."

அங்கே நின்றது. பின்னால் நம் சபைக் கோவிலில் துக்க மணி அடிப்பது கேட்டது. எந்த நம்பரில் இருக்கிறோம் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"...யாரு பேசுதது?"

"தேவபிச்சைதான் அண்ணாச்சி. அவா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கா."

"ஆமென்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மும்தாஜ் சிஸ்டர் போனைப் பிடுங்கிக்கொண்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் முகம் இல்லையே. அட்டையைக் காட்டினேன். நீ எந்த எழுத்துக்கும் மேலே பார்க்கவில்லை. காது ஓரமாகக் கண்ணீர் இறங்கியது. துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட். டாக்டர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"கம்பியும் அடிவாங்கியிருக்கு" என்றார். என் பாஷையிலேயே சொன்னார், பாவம்.

"வளருமா சார்?"

"கொஞ்சம் வளரலாம். எவ்வளவுன்னு தெரியாது. மிஷின் இல்லாம மூச்சு விட முடியாமலேயே போகலாம். நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும்."

கேன்டீனில் டீ வாங்கினேன். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

எமிலிக்குச் சொன்னேன். "அப்படியா" என்றாள். பிறகு உன் துவைத்த நைட்டிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று நீயே அட்டையைக் கேட்டாய். மூன்றே எழுத்து. நான் ஒரு வரிசைகூடத் தவறவில்லை.

"என்ன கேக்கா?" என்றாள் எமிலி, கதவுப் பக்கமிருந்து.

"போர்வ கேக்கா."

"ஏற்கெனவே ரெண்டு போத்திருக்கே" என்றார் மும்தாஜ் சிஸ்டர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் போய் மூன்றாவதைக் கொண்டுவந்தார். நீ வேர்த்தாய். நானும்தான்.

அம்மா கேட்டால் போர்வை என்றே இருக்கட்டும். உன் காதில் "சரி" என்றேன், கேட்டிருக்கும்.

லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டில் யாரும் வருவதில்லை. அங்கே உட்கார்ந்து ஜெபித்தேன். வாய் குழறவில்லை. ஆகாரம், சமைத்த கைகள் எதுவும் குறுக்கே வரவில்லை. இவ்வளவு வயதில் முதன்முதலாக ஒழுங்காக ஒரு ஜெபம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. ஷேவ் செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உனக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, பிரஷர் இறங்கிவிட்டது. மிஷின் கத்தியது. எல்லாரும் ஓடினார்கள். எங்களை வெளியே தள்ளினார்கள்.

எமிலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. எந்தத் துணிச்சலில் அவள் கையைப் பிடிப்பது?

ஐயர் சாயங்காலம் வந்தார். தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன்.

"ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டா, அத வாபஸ் வாங்கலாமா?"

"என்னது?"

"கேட்டாச்சு. இப்ப வேண்டாம்னு தோணுது. என்ன செய்ய?"

அவர் சிரித்தார். பொருத்தனை என்று நேர்த்திக்கடன் ஏதோ பெரிசாகச் சொல்லிவிட்டு இப்போது முழிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டார். "அங்க புக்கிங் கேன்சல் கெடையாது தேவபிச்சை. என்ன, கோவிலுக்கு மொட்ட மாடி கெட்டித் தாரேன்னுட்டீரோ?"

"அந்த மாதிரிதான் ஐயா."

"கர்த்தருக்குத் தெரியும் வே, எதக் கேக்கணும், எதக் கேக்கக் கூடாதுன்னு."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணாச்சி சொன்ன வசனம் வேறு காதிலேயே நின்றது. இத்தனை நாள் அது பலிக்கவில்லையே என்று கோபம். இன்று பலித்துவிடக் கூடாதே என்று படிக்கட்டில் முழங்கால் போட்டேன். "ஹலோ" என்றேன். அப்புறம் "ஹலோ" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் நான்கு தின்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

உன் இடது கைக் கட்டைவிரல் ஆடியது.

மும்தாஜ் சிஸ்டர்தான் முதலில் பார்த்தார். நான் நம்பவில்லை. "இங்க பாரும்மா, திரும்ப ஆட்டு" என்றார். நீ ஆட்டினாய். சின்ன எறும்பு நடந்த அளவு. எமிலி அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடுங்கம்மா, அவ ஆட்டணும்ல" என்று சிஸ்டர் பிரிக்க வேண்டியதாயிற்று.

டாக்டர், "நான் எதிர்பார்க்கலை" என்றார். கம்பி முழுக்கப் போகவில்லை போலிருக்கிறது என்றார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆடியது ஒரு கட்டைவிரல். சொந்தம் கொண்டாடுவது ஒரு ஊர்.

தர்மசீலன் அண்ணாச்சி தான் உபவாசம் இருந்ததால் என்கிறார். (காலை மட்டும். மத்தியானம் அவர் வீட்டில் ஆட்டுக்கறி என்று எனக்குத் தெரியும்.) வெள்ளை ஷூ பாஸ்டர், எண்ணெய் வாசலைத் தொட்டதே போதும் என்று தன் சபையில் சாட்சி சொல்லிவிட்டாராம். மெர்சி அதற்காகத் திரும்பப் பேச வந்துவிட்டாள். துபாய்க்காரர்கள் சங்கிலி என்கிறார்கள். துக்க மணி அடித்தவர்கூட அது எழுப்புதல் மணி என்கிறார். மும்தாஜ் சிஸ்டர் வீட்டில் ஐந்து வேளையும் கேட்டிருக்கிறார்கள். அவர் மட்டும் சொந்தம் கொண்டாடவில்லை.

என்னிடம், "நீங்க ஜெபிச்சிருப்பியளே!" என்றார்கள்.

"ம்" என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

மிஷினைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது. தொண்டை ஓட்டையை மூடிவிட்டார்கள். உன் குரல் பழைய ஸ்பீக்கர் கோன் கிழிந்த மாதிரி கரகரவென்று வருகிறது. உலகத்தில் எந்தக் கம்பெனி பாக்ஸிலும் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

இன்று முதல் தடவை வாய்வழியாகக் கஞ்சி. எமிலி கரண்டியை வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். நீ உதட்டை இறுக்கி மூடினாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எப்பா... ஜெபம்."

செய்தேன். ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், சமைத்த கைகளை ஆசீர்வதியும், இல்லாதவர்களுக்கும் கொடும். இந்தத் தடவை இடம் சரி. ஆனால் பாதியில் என் குரல் அறுந்துவிட்டது. உன் அம்மாதான் ஆமென் போட்டு முடித்தாள்.

"கொழம்பு எங்க?" என்றாய்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஸ்தோத்திர ஆராதனை. நீ சக்கர நாற்காலியில், முதல் வரிசைக்கு முன்னால். கிளிப்பச்சை சேலையில் இருந்தாய். நடக்க இன்னும் மாதங்கள் ஆகும், முழுதாக நடப்பாயா என்றும் டாக்டர் சொல்லவில்லை. ஆனால் பாட்டுப் புத்தகத்தை நீயே பிடித்திருந்தாய். பக்கம் திருப்ப அம்மா.

மைக்கை நானே வைத்தேன். டெஸ்டிங் சொல்லிவிட்டு இறங்கப் போனேன். ஐயர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இறங்காதேயும். சாட்சி சொல்லும்."

சபை முழுக்க என்னைப் பார்த்தது. சொன்னேன்:

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நீங்க எல்லாரும் ஜெபிச்சிய. சாப்பாடு கொண்டாந்திய. டாக்டர்மாரும் சிஸ்டர்மாரும் பாத்தாவ. எம் மவ இருக்கா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தகப்பனோட விசுவாச ஜெபம்!" என்று எழுந்து நின்றார் தர்மசீலன் அண்ணாச்சி. அவருக்கு மைக் தேவையில்லை.

ஐயர் மைக்கை வாங்கிக்கொண்டார். "சபையாரே, இந்தத் தகப்பன் என்ன கேட்டாரோ, அதைக் கர்த்தர் அப்படியே கொடுத்தார்."

"ஆமென்!" என்றது சபை.

நான் உன்னைப் பார்த்தேன், பெர்சிஸ். நீயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். மெதுவாகக் கண்ணை மூடினாய். மூடினால் இல்லை. பிறகு திறந்து சிரித்தாய். இரண்டு பக்க உதடும் ஏறியது.

எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு ஒயரைச் சுருட்டினேன். மைக்கை அணைத்தேன். கோவிலில் ஆள் இல்லை; அப்போதும் வாய் விட்டுச் சொல்லவில்லை. இந்த நோட்டு நாளை உன் கைக்கு வருகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆண்டவரே, அன்றைக்கு அவள் கேட்டது போர்வை இல்லை. "போதும்" என்றாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே கேட்டேன்: அவளை எடுத்துக்கொள்ளும் என்றேன். இரண்டு பேர், ஒரே மனசு. நீர் கொடுக்கவில்லை. ஸ்தோத்திரம்.